தாமரைப் பூவில் விழுந்த தையல்

காட்டில் மார்கழிப் பனி இறங்கிவிட்டால் பூவாயி என்ற மந்திக்குப் போர்வை தைக்காமல் பொழுது போகாது. இலவம்பஞ்சைக் கோடையிலேயே சேர்த்து வைத்துவிடுவாள். துணிகள் எல்லாம் ஆற்றுத்துறையிலிருந்து காற்றில் பறந்து வந்தவை என்பாள். காற்று எப்படிச் சேலைகளை மடித்துக் கொண்டுவந்தது என்று யாரும் கேட்டதில்லை.

இந்த வருடப் போர்வையின் நடுவில் பெரிய தாமரைப் பூ போட்ட துணி. அந்தப் பூவில் ஊசி படக் கூடாது என்று ஓரங்களை மட்டும் தைத்து மூடினாள். பக்கத்துப் புதரில் முள்ளையன் என்ற முள்ளம்பன்றியும் ஒரு போர்வை தைத்தான். அதிலோ குறுக்கும் நெடுக்குமாகத் தையல்.

"ஏன் அண்ணே, போர்வை தைக்கிறீங்களா, வயலை உழுறீங்களா?" என்று பூவாயி சிரித்தாள்.

"பஞ்சு நகரக் கூடாதும்மா" என்றான் அவன். அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மாலை புள்ளிமான் ஒன்று குறைமாதத்தில் குட்டி போட்டது. குட்டிக்கு எழுந்து நிற்கவும் திராணியில்லை. முள்ளையனின் போர்வை அதற்குள் அக்கரை முயல்களிடம் போய்விட்டது. பூவாயி பெருமையோடு தன் போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்திவிட்டு வந்தாள்.

விடிந்ததும் பூவாயி போய்ப் பார்த்தாள். குட்டி உதைத்த உதையில் பஞ்செல்லாம் ஒரு மூலையில் திரண்டு கிடந்தது. குட்டியின் மேல் இருந்தது வெறும் துணிதான். கால்கள் விறைத்திருந்தன, மூச்சு மட்டும் மெல்ல ஓடியது. தாய்மான் அதை நக்கிக்கொண்டே அழுதது.

"அண்ணே, ஊசிக்கு ரெண்டு முள் குடுங்க" என்று கத்தினாள் பூவாயி.

முள்ளையன் உதிர்ந்த முட்களோடும் கற்றாழை நாரோடும் ஓடி வந்தான். அவள் பஞ்சைப் பரப்பினாள். முதல் குத்தே தாமரையின் நடுவில் விழுந்தது. அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. அடுத்தடுத்த குத்துகளுக்கு வருத்தப்பட நேரமில்லை. அந்தப் பக்கமிருந்து அவன் தைத்து வந்தான். முடித்ததும் இருவரும் குட்டியைச் சுற்றிப் போர்த்தினார்கள்.

வெயில் ஏறியபோது குட்டியின் காது ஆடியது. பிறகு அது தள்ளாடி எழுந்து தாயிடம் பால் தேடியது. பூவாயி அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப வயலை உழுதது யாரும்மா?" என்றான் முள்ளையன்.

"நான்தான் அண்ணே. பாருங்க, பயிர் எந்திரிச்சு நிக்குது."

ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு உதவினால்தான் அதன் அழகுக்கும் மதிப்பு.