கியூபாவிலிருந்து வந்த கசப்பு

சாரங்கபாணியிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. சுருட்டு பாதிகூட எரிந்திருக்கவில்லை.

"கசப்பு மேடம். சுத்தமான கசப்பு. பேரு மட்டும்தான் பெரிசு."

தேவகிருபையின் கையிலும் அதே சுருட்டுதான். அதே பெட்டி, அதே அடுக்கு. கியூபாவில் அந்த ஓர் ஆண்டுக்கென்று சுற்றி, கொஞ்சமாக வெளியே விட்ட சரக்கு. மேலே சுற்றிய இலை நன்றாகக் கருத்திருந்தது. வீரியத்துக்குப் பேர் போனது என்று சொல்லித்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

தேவகிருபை குன்னூரில் தேயிலை ருசி பார்த்து விலை சொல்லிக்கொண்டிருந்தவர். பிறகு சுருட்டுக்கு வந்தார். பெரிய ஓட்டல்களுக்குச் சுருட்டு வாங்கும் வணிகர்கள் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பெட்டியை இறக்குவதில்லை. சாரங்கபாணி அவரைவிட வயதில் மூத்தவர். ஊட்டியில் நடத்திய ஓட்டலை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, இந்த வித்தையைக் கற்க அவரிடம் வந்து சேர்ந்தவர்.

அன்றைய தீர்ப்பு சாரங்கபாணியுடையது. தேவகிருபை அதை ஏற்றுக்கொண்டால் அன்று முதல் அவரும் ஒரு நடுவர். இல்லையென்றால் பழையபடி மாணவர்.

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. சரக்கைக் கொண்டுவந்த ஜமால் மொய்தீன் கோவையில் விமானம் பிடிக்க வேண்டும்.

"கூப்பிடுறார். சொல்லிட்டு வந்துரட்டுமா?"

"அவருக்கு விமானம். உங்களுக்கு என்ன?"

சாரங்கபாணி மறுபடி உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. இழுத்தார், விட்டார். விட்ட புகை கலைவதற்குள் மறுபடி இழுத்தார். சுருட்டின் முனை அடுப்புக் கங்கு போலச் சிவந்து நின்றது. நெற்றியில் வியர்வை.

"தலை சுத்துதா?"

"லேசா."

"காலையில சாப்பிட்டீங்களா?"

"நாக்கு சுத்தமா இருக்கட்டும்னு சாப்பிடல."

"நாக்கு சுத்தமாத்தான் இருக்கு. ஆள்தான் விழப்போறீங்க."

வெல்லக் கட்டி இருந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சாரங்கபாணி ஒன்றைக் கடித்தார்.

"சரக்கு வீரியம் மேடம். அதான் கசக்குது."

"வீரியம் வேற, சூடு வேற. சூடேறினா எந்த இலையும் கசக்கும்."

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரியும். சொல்லிக் கொடுத்தவளே நான்தான்."

"சரி, உங்களுக்கு என்ன வருது?"

"வறுத்த மல்லி. அப்புறம் கருப்பட்டி அடிபிடிச்ச வாசம். கடைசியில கொஞ்சம் மிளகு."

சாரங்கபாணி தன் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ எனக்கு வந்தது மட்டும் மோசம். சுத்தினவன் கை சரியில்ல. பெட்டிக்கு ஒண்ணு அப்படி வரும்."

"வரும்."

"எப்படிக் கண்டுபிடிக்கிறது மேடம்? குத்தம் சுருட்டுலயா, பிடிக்கிறவன்கிட்டயான்னு?"

தேவகிருபை கையை நீட்டினார்.

"குடுங்க. மாத்திக்கலாம்."

"எச்சில் மேடம்."

"தேயிலை மேசையில ஒரே கோப்பையில பத்துப் பேர் கரண்டி விட்டு உறிஞ்சித் துப்புவோம். அங்கிருந்து வந்தவ நான்."

ஆனாலும் கத்தரியை எடுத்தார். இரண்டு சுருட்டிலும் வாய் பட்ட முனையை நகக்கண் அளவு நறுக்கினார்.

"இப்ப மடியாச்சா?"

சாரங்கபாணி சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

அவருடைய சுருட்டை தேவகிருபை இழுக்கவில்லை. வாயில் வைத்து மெதுவாக உள்ளே ஊதினார். உள்ளே தேங்கியிருந்த புகை எரியும் முனை வழியாக அழுக்கு நிறத்தில் வெளியேறியது. சுருட்டைச் சாம்பல் தட்டின் விளிம்பில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். மூடுபனி தேயிலைச் சரிவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது.

"மல்லி!" என்றார் சாரங்கபாணி. "வருது மேடம். கருப்பட்டிகூட வருது."

மிளகைத் தேடி இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார்.

"நான் சொன்னேன்ல? இது நல்ல சுருட்டு. என்னோடதுதான்…"

பாதியில் நிறுத்தினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார். சந்தேகத்துக்கு இன்னொரு இழுப்பு. அதற்கு மேல் ஒன்று. முகம் சுருங்கியது.

"என்ன வருது?"

"வேப்பம்பட்டை."

தேவகிருபை விளிம்பில் ஆறிக் கிடந்த அவருடைய பழைய சுருட்டை எடுத்து, அணைந்துவிடாத அளவுக்கு ஓர் இழுப்பு இழுத்து, அவரிடம் நீட்டினார். இந்த முறை சாரங்கபாணி எச்சில் பார்க்கவில்லை. ஒரு தரம் இழுத்தார். இரண்டாம் தரம் இழுப்பதற்குள் தேவகிருபை அதை வாங்கிக்கொண்டார்.

சாரங்கபாணியின் வாயில் வறுத்த மல்லி மணத்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஜமால் மொய்தீன் வந்தார்.

"சார், ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. இறக்கவா, எடுத்துட்டுப் போகவா?"

சாரங்கபாணி தேவகிருபையைப் பார்த்தார். அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. என்ன சொன்னால் அவர் தலையாட்டுவார் என்பது சாரங்கபாணிக்கு இப்போது தெரியும்.

"வறுத்த மல்லி. கருப்பட்டி…" என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "அது மேடம் சொன்னது பாய். நான் இன்னும் பிடிச்சுப் பார்க்கல."

ஜமால் தட்டிலிருந்த சாம்பலைப் பார்த்தார்.

"அப்போ இது என்ன சார், சாம்பிராணியா?"

"அவசரத்துல எரிச்சேன். அவ்வளவுதான்."

"மேடம், நீங்களாவது சொல்லுங்க. நேரமாகுது."

"இன்னைக்குத் தீர்ப்பு அவரோடது."

"நல்ல தீர்ப்பு!"

ஜமால் பெட்டியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். ஜீப் வளைவுகளில் ஹாரன் அடித்தபடி இறங்குவது கொஞ்ச நேரம் கேட்டது.

"போச்சு," என்றார் சாரங்கபாணி. "சரக்கும் போச்சு, நடுவர் நாற்காலியும் போச்சு."

"இன்னைக்குப் போச்சு," என்றார் தேவகிருபை.

"கையும் வாயும் சொன்னபடி கேக்க மாட்டேங்குது மேடம். ஓட்டல்ல காலமெல்லாம் இப்படித்தான். ஒரு பந்தி எழுந்திருக்கிறதுக்குள்ள அடுத்த பந்தியை நினைக்கணும். ராத்திரி படுத்தாலும் கால் ஆடுது. இந்தப் பரபரப்பை என்னதான் பண்றது?"

கேட்டுக்கொண்டே கையிலிருந்த சுருட்டைத் தட்டில் வைத்து அழுத்தினார். கருத்த இலை வெடித்தது. தேவகிருபை அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நசுக்காதீங்க. கீழ வெச்சாப் போதும். தானா அணையும்."