முட்டைக் காவலன்

கோரைக்குளத்தில் தும்பை என்ற கானாங்கோழி தன் கணவன் கோரையனோடு வாழ்ந்துவந்தது. அடர்ந்த கோரைப்புல்லுக்குள், வெளியே நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாதபடி இரண்டும் கூடு கட்டியிருந்தன. கூட்டில் முட்டைகள் இருந்தன. தும்பை அடைகாத்துக்கொண்டிருந்தது.

தும்பைக்கு ஓயாத பயம். புல் அசைந்தால் பாம்போ என்று திடுக்கிடும். தவளை குதித்தால் கீரியோ என்று கழுத்தை நீட்டிப் பார்க்கும். காரணம் இல்லாமல் இல்லை. போன மழைக்காலத்தில் அது இட்ட முட்டைகள் அத்தனையையும் பதுங்கி என்ற காட்டுப்பூனை தின்றுவிட்டுப் போயிருந்தது.

"இந்த முறையும் அப்படி ஆகிவிட்டால் என்னங்க செய்வது?" என்று தும்பை கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஆகாது தும்பை! கூட்டைத்தான் மாற்றிக் கட்டிவிட்டோமே. இது இருக்கும் இடம் நம்மைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்று கோரையன் தேற்றும்.

அந்தக் குளத்துப் பறவைகள் எல்லாம் கைபேசி வைத்திருந்தன. எந்தக் கரையில் புழு நிறைய இருக்கிறது, எங்கே பருந்து வட்டமிடுகிறது என்றெல்லாம் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். தும்பையின் கைபேசி கூட்டின் ஓரத்தில் கிடக்கும். அதற்குப் பூட்டுகூடப் போட்டிருக்கவில்லை. "என் போனில் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது?" என்று தும்பை நினைத்திருந்தது.

ஒரு நாள் காலை கோரையன் இரை தேடப் போயிருந்தது. அப்போது தும்பையின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது.

"தாய்ப்பறவையே! உங்கள் கூட்டுக்கு மிக அருகில் காட்டுப்பூனை நடமாடுகிறது! உடனே 'முட்டைக் காவலன்' செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். பூனை நெருங்கினால் அது உங்களை எச்சரிக்கும். தாமதித்தால் உங்கள் முட்டைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல! இப்படிக்கு, குளப் பாதுகாப்புக் குழு."

தும்பைக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. அப்படி ஒரு குழு இருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அது யோசிக்கவே இல்லை. கீழே இருந்த லிங்க்கை அலகால் தட்டியது.

"இந்தச் செயலி உங்கள் கைபேசிக்குத் தீங்கு செய்யலாம்" என்று கைபேசி எச்சரித்தது.

"என் முட்டைகளைக் காப்பாற்ற வந்த செயலி எனக்குத் தீங்கு செய்யுமா?" என்று முணுமுணுத்தபடி தும்பை மேலே போனது.

நீங்கள் இருக்கும் இடத்தை அறிய அனுமதி கேட்டது செயலி. தும்பை கொடுத்தது. கேமராவைக் கேட்டது. கொடுத்தது. பேசுவதைக் கேட்க அனுமதி வேண்டும் என்றது. அதையும் கொடுத்தது. உங்கள் நண்பர்களின் எண்களும், அவர்களுக்குச் செய்தி அனுப்பும் உரிமையும் வேண்டும் என்றது. எல்லாவற்றுக்கும் 'சரி, சரி' என்று தட்டிக்கொண்டே போனது தும்பை. கடைசியில் திரையில் ஒரு பச்சை வட்டம் தோன்றியது. "ஆபத்து இல்லை" என்று அதற்குள் எழுதியிருந்தது.

அப்பாடா! எத்தனையோ நாளைக்குப் பிறகு தும்பை நிம்மதியாக மூச்சுவிட்டது.

கோரையன் திரும்பி வந்ததும் தும்பை பெருமையோடு காட்டியது. கோரையன் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"பூனையைக் கண்டுபிடிக்கிற செயலிக்கு நம் நண்பர்களுடைய எண்கள் எதற்கு?"

"எல்லாம் பாதுகாப்புக்குத்தான்! நீங்கள் எதற்கெடுத்தாலும் குறை சொல்லாதீர்கள்!" என்றது தும்பை.

தும்பை இப்படிச் சிரித்த முகத்தோடு இருந்து வெகுநாள் ஆகியிருந்தது. அதனால் கோரையன் மேற்கொண்டு பேசவில்லை.

குளக்கரை மேட்டில் ஒரு காரைப்புதர். அதற்குள் பதுங்கி படுத்திருந்தது. அதன் முன்னால் ஒரு கைபேசி. அதில் தும்பையின் கூடு தெரிந்தது. கூட்டில் நடக்கும் பேச்சும் கேட்டது. பதுங்கி மீசையை நக்கிக்கொண்டது.

"இவள் முட்டைகளை இன்றைக்கே தின்றால் போனைத் தூக்கி எறிந்துவிடுவாள். வேண்டாம்! இந்தப் போன்தான் எனக்கு வாசல். இதன் வழியாக மற்ற கூடுகளை எல்லாம் கண்டுபிடிக்கிறேன். இவளைக் கடைசியில் பார்த்துக்கொள்வோம்!"

இரண்டு மூன்று நாட்கள் போயின. தும்பையின் கைபேசி சும்மா கிடக்கும்போதே சுட்டது. காலையில் நிரப்பிய சார்ஜ் மத்தியானத்துக்குள் தீர்ந்தது. திரை தானாக விழித்துத் தானாக அணைந்தது. 'யாரிடமாவது கேட்கலாமா? அவரிடம் சொல்லலாமா? அன்றைக்கே எச்சரித்தாரே. இப்போது சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?' வெட்கம் அதன் வாயை அடைத்தது. பச்சை வட்டத்தைப் பார்த்துப் பார்த்துத் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டது.

மறுநாள் கோரையன் எதிர்க்கரையில் இரை தேடிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குமிழி அங்கே வந்தது. குமிழி ஒரு முக்குளிப்பான். தும்பையை 'அக்கா, அக்கா' என்று சுற்றி வருகிற பறவை. அதன் கழுத்து இறகுகள் கலைந்து, குரல் கம்மிப்போயிருந்தது.

"அண்ணா! பூனை வந்து என் முட்டைகளைத் தின்றுவிட்டது! ஒன்றுகூட மிச்சமில்லை! அக்காவைத் தவிர வேறு யாரிடமும் நான் இடத்தைச் சொல்லவில்லையே!"

"தும்பையிடம் எப்போது சொன்னாய்?"

"நேற்று அக்காதானே கேட்டார்கள்! இதோ பாருங்கள்!"

குமிழி தன் கைபேசியை நீட்டியது. தும்பையின் எண்ணிலிருந்து வந்த செய்தி அதில் இருந்தது. "குமிழி, உன் கூட்டுக்கு மெத்தென்று பாசி கொண்டுவருகிறேன். கூடு எங்கே இருக்கிறது என்று அனுப்பு. யாரிடமும் சொல்லாதே."

கோரையன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தது. தும்பையின் கைபேசியில் இப்படி ஒரு செய்தியை அது பார்க்கவே இல்லை. தும்பை நேற்று முழுக்க அடையைவிட்டு எழவும் இல்லை. பாசி கொண்டுபோவதாக எப்படிச் சொல்லியிருக்கும்?

"அந்தச் செயலி!" என்றது கோரையன்.

அது தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கிக் கூட்டுக்கு விரைந்தது. தும்பை வாயைத் திறப்பதற்குள் சிறகால் அதன் அலகைப் பொத்தியது. கைபேசியைக் கண்ணால் காட்டியது. வெளியே வா என்று சைகை செய்தது. தும்பை முட்டைகளின் மேல் புல்லை இழுத்துப் போர்த்திவிட்டு, பின்னால் வந்தது.

தூரத்தில் அல்லி இலைகளுக்கு நடுவே குமிழி காத்திருந்தது. நடந்ததைக் கேட்டதும் தும்பை அழத் தொடங்கியது.

"நான் அனுப்பவில்லை குமிழி! என் முட்டைகள் மேல் ஆணை, நான் அனுப்பவே இல்லை! ஆனால் போன் என்னவோ மாதிரி இருந்தது. எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தது..."

"தெரியுமா?" என்றது குமிழி. "தெரிந்தும் சொல்லவில்லையா அக்கா?"

குமிழி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோரையன் பதறியது. "அழுவதற்கு இப்போது நேரமில்லை! இதே செய்தி இன்னும் யார் யாருக்குப் போயிருக்கிறதோ! உடனே எல்லாருக்கும் சொல்ல வேண்டும். தும்பையின் போனிலிருந்து சொல்லக்கூடாது. அதைப் பூனை கேட்டுக்கொண்டிருக்கிறது. குமிழி, உன் போனைக் கொடு!"

"எல்லாருக்குமா?" என்று தும்பை தயங்கியது. "குளம் முழுக்க என்னைத் திட்டுமே..."

பிறகு குமிழியின் கலைந்த இறகுகளைப் பார்த்தது. தானே அந்தக் கைபேசியை வாங்கி ஒவ்வொரு பறவையாக அழைத்தது.

"நான் தும்பை பேசுகிறேன். என் போனுக்குள் பூனை புகுந்துவிட்டது. என் பேரில் எது வந்தாலும் நம்பாதீர்கள்! கூடு இருக்கும் இடத்தை அனுப்பாதீர்கள்! என் எண்ணுக்குப் பதிலும் போடாதீர்கள்!"

வேலம்மா என்ற வாத்து மறுமுனையில் அலறியது. "ஐயோ! நீ கேட்டாய் என்று இப்போதுதான் எழுதிக்கொண்டிருந்தேனடி! இன்னும் அனுப்பவில்லை! இதோ அழிக்கிறேன்!"

தும்பை கண்ணை மூடித் திறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வேலம்மாவின் கூடும் போயிருக்கும்.

"மற்றவர்களைக் காப்பாற்றியாயிற்று," என்றது கோரையன். "ஆனால் நம் கூடு எங்கே என்று பூனைக்குத் தெரியும். யாரும் பதில் அனுப்பாவிட்டால் அது அடுத்து நம்மிடம்தான் வரும்."

"அந்தப் போன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூடு என்று பூனை நம்புகிறது, இல்லையா அண்ணா?" என்று குமிழி கேட்டது. இன்னும் தும்பையின் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்படியானால் போனை மேற்கே இருக்கிற புதைசேற்றுக்குக் கொண்டுபோவோம். நான் தூக்கி வருகிறேன்."

மூன்றும் மெல்லிய குரலில் பேசி முடிவு செய்தன. தும்பையும் கோரையனும் கூட்டுக்குத் திரும்பின. கைபேசியின் பக்கத்தில் நின்று கோரையன் சத்தமாகச் சொன்னது: "தும்பை! குளத்தில் தண்ணீர் ஏறுகிறது! கூடு முழுகிவிடும்! முட்டைகளை மேற்குக் கரைப் புல்மேட்டுக்கு மாற்றிவிடுவோம்!"

"ச-சரிங்க," என்றது தும்பை. அதன் குரல் நடுங்கியது. அது நடிப்பில்லை. "மாற்றிவிட்டு நாம் இரண்டு பேரும் இரைக்குப் போகலாம். பசி தாங்கவில்லை."

கோரையன் கைபேசியை ஒரு நாணல் கற்றைக்குள் சுருட்டியது. குமிழி அதை முதுகில் சுமந்துகொண்டு நீந்தியது. கோரையனும் கூடப் போனது. மேற்குக் கரையில் சேற்றின் மேல் பச்சைப் புல் படர்ந்திருக்கும். பார்க்கத் தரை மாதிரி இருக்கும். கனமான விலங்கு கால் வைத்தால் இழுத்துக்கொள்ளும். அதன் நடுவில் மிதந்த ஒரு கட்டைமேல் கைபேசியை வைத்துவிட்டு இரண்டும் விலகி ஒளிந்துகொண்டன.

தும்பை மட்டும் கூட்டில் இருந்தது. முட்டைகளைவிட்டு அது எங்கே போகும்?

வெயில் சாயத் தொடங்கியது. கோரைப்புல் சரசரத்தது. காற்று இல்லை. ஆனாலும் சரசரத்தது.

பதுங்கி வந்துகொண்டிருந்தது! மேற்கே போகும் வழி தும்பையின் கூட்டை ஒட்டித்தான் போனது. தும்பை முட்டைகளின் மேல் ஒட்டிக்கொண்டது. இறகு ஒன்றுகூட அசையவில்லை. புல்லின் இடுக்கில் மஞ்சள் நிற ரோமம் தெரிந்தது. ஈர மண்ணில் பாதம் அழுந்தும் சத்தம் கேட்டது. பூனையின் மூச்சுக்காற்றுகூடக் கேட்டது. ஒரு சிறகு விரித்தால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம்!

பதுங்கி நின்றது. மூக்கை உயர்த்தி மோந்தது.

'முடிந்தது,' என்று தும்பை நினைத்தது.

"கானாங்கோழி வாசனை அடிக்கிறதே," என்று பதுங்கி தனக்குள் சொல்லிக்கொண்டது. தன் கைபேசியைப் பார்த்தது. தும்பையின் கைபேசி மேற்கே இருப்பதாக அது காட்டியது. "பழைய கூட்டு வாசனை! கோழிகள் இரைக்குப் போயிருக்கும். அவை திரும்புவதற்குள் போய்விட வேண்டும்!" என்று வேகமாக நடந்தது.

சற்று நேரத்தில் மேற்கே தொப்பென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு அலறல்!

பதுங்கி கட்டையை நோக்கித் தாவியிருந்தது. பச்சைப் புல் வாயைத் திறந்து அதை விழுங்கியது. முதலில் கால்கள், பிறகு வயிறு, பிறகு கழுத்து. அதன் கைபேசி சேற்றுக்குள் போய் மறைந்தது.

"காப்பாற்றுங்கள்! யாராவது காப்பாற்றுங்கள்!"

யாரும் போகவில்லை. கடைசியில் ஒரு வேரைப் பல்லால் கவ்வி, மெல்ல மெல்லக் கரையேறியது பதுங்கி. சேறு வடிய, ஒரு காலை இழுத்துக்கொண்டு மேட்டைத் தாண்டி ஓடியது. அதன் பிறகு கோரைக்குளத்தின் பக்கம் அது தலைகாட்டவே இல்லை.

கோரையன் தும்பையின் கைபேசியை மீட்டு வந்தது. தும்பை அதில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கியது. யாராலும் ஊகிக்க முடியாத கடவுச்சொல் வைத்தது. திரைக்குப் பூட்டும் போட்டது.

பிறகு குமிழியிடம் போனது.

"மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை குமிழி. போன் சுட்ட அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும்."

குமிழி தும்பையை நோக்கித் திரும்பியது.

"ஆமாம் அக்கா. சொல்லியிருக்க வேண்டும்," என்றது. பிறகு மெல்லச் சொன்னது: "மறுபடி முட்டையிட்டால் நான் இரைக்குப் போகும்போது நீங்கள் வந்து காவல் இருக்க வேண்டும். நேரில் வரவேண்டும்!"

"வருகிறேன்!" என்றது தும்பை.

பயந்திருக்கும் நேரத்தில் தேடிவரும் அறிமுகமில்லாத உதவியைச் சோதிக்காமல் நம் கைபேசிக்குள் விடக்கூடாது. தவறி விட்டுவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் நம்மை நம்பியிருப்பவர்களிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.