தாண்டவராயரின் ஹார்டு டிஸ்க்

கரட்டு மடத்தில் தாண்டவராயர் என்று ஒரு சீடர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குரு மரகதம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். அங்கே அது ஒரு விஷயமே இல்லை.

தாண்டவராயர் பாடுகிறவர். சாயங்காலம் விளக்கேற்றுமுன் மடத்தில் ஒரு பாட்டு உண்டு. நான்கே வரி. அவர் ஒரு வரி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மூன்றாவது வரி மேலே ஏறும். அவர் ஏறினால் கரட்டுக் குன்றுக்குக் கீழே ஆடு மேய்க்கிறவனும் நின்று கேட்பான்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. அறுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. எண்ணெய் காணாத சைக்கிள் செயின் மாதிரி ஒரு கரகரப்புதான் மிச்சம்.

அறுப்பதற்கு முன்னால், டவுனிலிருந்து ஆள் வரவழைத்து அந்தப் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தார். அது மடத்துக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. விளக்கு மாடத்துக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். சாயங்காலம் அதைப் போடுவார். உள்ளே தட்டு சுற்றும், பாட்டு வரும், கூட்டம் வாங்கிப் பாடும். அவர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். முடிந்ததும் அணைப்பார். நாலு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

ஒருநாள் கம்ப்யூட்டர் கிளம்பத் தாமதித்தது. என்னவோ முனகிவிட்டு அப்புறம்தான் ஓடியது. அன்று பிடித்தது அவருக்குக் கவலை.

டவுன் கடைக்காரரைக் கேட்டார். "அடிக்கடி போட்டுப் போட்டு அணைக்காதீங்க. தட்டு நின்னு கிளம்பறப்பதான் தேய்மானம். ஓடட்டும், விட்டுடுங்க."

சென்னையில் இருக்கும் தங்கை மகனைக் கேட்டார். "எந்நேரமும் ஓட விடாதீங்க மாமா. சூட்டுலயே போயிடும். வேலை முடிஞ்சா அணைச்சிடுங்க. எதுக்கும் வேற டிஸ்க்குல எடுத்து வைங்க."

வேறு டிஸ்க்கிலும் எடுத்து வைத்தார். ஒன்றுக்கு இரண்டு நகலாக. கவலை மூன்றானது.

ஒரு வாரம் கம்ப்யூட்டரை ஓட விட்டார். ஓடுகிறதே என்று தூக்கம் இல்லை. மறுவாரம் அணைத்து வைத்தார். அணைந்து கிடக்கிறதே, உயிர் இருக்கிறதோ இல்லையோ என்று போட்டுப் பார்த்தார். பாட்டு இருக்கிறதா? இருக்கிறது. அணைத்தார். காபி குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டார். மற்ற இரண்டையும் மாட்டிப் பார்த்தார். இருக்கிறது. கழற்றினார். குளித்துவிட்டு வந்து மறுபடி.

சமையற்காரர் செங்கோடன் கதவோரம் நின்று பார்த்தார். "மூணு பிள்ளை பெத்தவகூட இத்தனை தடவை தொட்டிலை எட்டிப் பார்க்க மாட்டா அண்ணே."

"உனக்கென்னய்யா. உன் சாம்பார் தீஞ்சா வேற வைப்பே. இது நின்னுபோச்சுன்னா நான் ஊமை."

"இப்ப மட்டும் என்னவாம்."

தாண்டவராயர் கம்ப்யூட்டரை அணைத்தார். நேராகக் குருவைத் தேடிப் போனார்.

மரகதம்மாள் கிணற்றடியில் மோட்டாருக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். கை முழுக்கக் கிரீஸ்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"டிஸ்க்கா?"

"ஆமா. அடிக்கடி போட்டு அணைச்சா ஆயுசு குறையுமா, எப்பவும் ஓடினா குறையுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஒண்ணு சொன்னா அப்படியே செஞ்சிட்டுப் போறேன்."

"சொல்றேன். அந்த வேம்படியில உட்காருங்க. கண்ணை மூடுங்க."

உட்கார்ந்தார். மூச்சு கொஞ்சம் அடங்கியது.

"தாண்டவராயரே."

கண்ணைத் திறந்தார். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. மூடுங்க."

மூடினார். மறுபடி மூச்சு அடங்கப் போகும் நேரம்.

"தாண்டவராயரே."

"அம்மா?"

"உட்கார்ந்திருக்கீங்கதானே?"

"உட்கார்ந்துதான் இருக்கேன்."

"சரி."

இப்படியே போயிற்று. அவர் அடங்குவார், மரகதம்மாள் கூப்பிடுவார். அடங்குவார், கூப்பிடுவார். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இப்படிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படிம்மா உட்கார்றது?"

"இருக்கீங்களான்னுதான் பார்த்தேன்."

தாண்டவராயர் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு தெளிவு. "புரிஞ்சுபோச்சும்மா. போட்டுப் போட்டு அணைக்கக்கூடாது. ஓட விட்டுடணும்."

"அப்படியா? சரி, உட்காருங்க. நான் கூப்பிடலை. நீங்களும் எழுந்திருக்காதீங்க."

மரகதம்மாள் மோட்டாரை முடித்தார். கையைக் கழுவினார். தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. தொட்டி நிறைந்தது. செங்கோடன் சாப்பாட்டு மணி அடித்தார். மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். வேப்ப நிழல் நகர்ந்து போய்விட்டது. வெயில் தாண்டவராயர் மடியில் இருந்தது.

"அம்மா, கால் மரத்துப் போச்சு."

"ஓடட்டும்னீங்களே."

"அதுக்காக இப்படியா. முதுகு விட்டுப் போகுது."

"அப்ப எழுந்திருங்க."

எழுந்தார். முட்டி இரண்டும் சடசடவென்று சத்தம் போட்டன. மரகதம்மாள் அந்தச் சத்தத்தைக் கவனித்தார்.

"கிளம்பறப்பவும் தேயுது, பாருங்க."

தாண்டவராயருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப போட்டாலும் தேயும், விட்டாலும் தேயும். அதானே?"

"அதேதான்."

"எது கம்மியா தேயும்?"

"எனக்குத் தெரியாது."

"எப்பப் போகும்?"

"அதுவும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா என்னைப் பொழுதுக்கும் வெயில்ல வச்சீங்க?"

மரகதம்மாள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர் உங்களை எத்தனை மாசம் சத்தம் போட வேண்டாம்னார்?"

"ஆறு மாசம்."

"அப்புறம்?"

"அப்புறம் மெதுவா, கொஞ்சம் கொஞ்சமாப் பாடிப் பாருங்கன்னார்."

"பாடினீங்களா?"

தாண்டவராயர் தொண்டையைக் கையால் தொட்டார். "இருக்கிறதும் கெட்டுப்போயிடுமேன்னு..."

மரகதம்மாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

சாயங்காலம் வந்தது. கூட்டம் கூடியது. பால் ஊற்றுகிற பெண்கள், கீழ்த்தெருக்காரர்கள், இடுப்பில் துண்டோடு செங்கோடன். தாண்டவராயர் சுவிட்சைப் போட்டார். தட்டு முனகியது. பிறகு ஓடியது. பாட்டு வந்தது.

நல்ல குரல். நாலு வருஷம் முந்தின குரல். முதல் வரி முடிந்தது, கூட்டம் வாங்கிப் பாடியது. இரண்டாவது வரி முடிந்தது, வாங்கியது.

மரகதம்மாள் திரியை ஒரு கையில் பிடித்தபடி குனிந்தார். மறு கையால் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார்.

தட்டு 'கிர்'ரென்று இழுத்து நின்றது. திரை கறுத்தது.

தாண்டவராயருக்கு உயிரே போய்விட்டது. மற்றதெல்லாம் இருக்கட்டும், ஓடும்போது பிடுங்கவே கூடாது என்றல்லவா கடைக்காரரும் தங்கை மகனும் சொல்லியிருந்தார்கள். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"அம்மா..."

மரகதம்மாள் திரும்பவில்லை. தீக்குச்சியை உரசினார். திரியில் வைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டு முடியாமல் மடத்தில் விளக்கு ஏற்றுவதில்லை. கூட்டம் பார்த்தது. குச்சி பாதி எரிந்தது. யாரோ செருமினார்கள்.

தாண்டவராயர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார்.

மூன்றாவது வரியை எடுத்தார். குரல் கரகரத்துக்கொண்டே மேலே போனது. பாதியில் உடைந்தது. உடைந்த இடத்தில் பால்காரப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் ஏறிப் போக, அவர் கீழே நின்று மூச்சு வாங்கினார். நான்காவது வரி தாழ்ந்த வரி. அதை அவரே பாடினார், கடைசி வரைக்கும். கூட்டம் அவர் வேகத்துக்கு மெதுவாக வாங்கிப் பாடியது.

குச்சி மரகதம்மாள் விரலைச் சுடும் நேரம் விளக்கு ஏறியது.

கூட்டம் கலைந்தது. செங்கோடன் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தாண்டவராயர் அதைக் குடித்தார். குனிந்து பிளக்கைக் கையில் எடுத்தார். மாட்டவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா. ஓடும்போதே பிடுங்கிட்டீங்க. தட்டு இருக்கோ போச்சோ."

மரகதம்மாள் திரியைத் தூண்டிவிட்டார்.

"நாளைக்கு மூணாவது வரியைக் கொஞ்சம் இறக்கி எடுங்க."