எதுவும் இடாத பாத்தி

முன்னொரு பருவத்தில், கரிசல் நிலத்தின் நடுவே, பல்கலைக்கழகம் நடத்திய உழவர் விரிவாக்க மையம் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்துப் பண்ணையில் உளுந்து விதைத்த பாத்திகள் ஒரே வரிசையில் படுத்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே விதை, வானம் கொடுத்த ஒரே மழை. வேலியை ஒட்டிக் கிடந்த கடைசிப் பாத்திக்கு மட்டும் வேறு விதி எழுதியிருந்தார்கள். அதன் தலைமாட்டில் நட்டிருந்த தகரப் பலகையில் இரண்டே சொல்: 'எதுவும் இடாதது.'

பக்கத்துப் பாத்தியின் பலகை பெரியது. பூக்கும்போது ஒரு தடவை, காய் பிடிக்கும்போது ஒரு தடவை டி.ஏ.பி. உரக் கரைசல் தெளிப்பது என்று அதில் எழுதியிருந்தது. எழுதியபடியே செய்தார்கள். முதல் தெளிப்பு முடிந்த சில நாளில் அதன் இலைகள் கரும்பச்சையாகிப் பளபளத்தன. பூத்த பூவெல்லாம் காம்பில் நின்றது.

கடைசிப் பாத்தியும் பூத்தது. காற்றடித்தபோது பாதிப் பூ உதிர்ந்தது. மீதியில் பாதி, காற்றே இல்லாதபோது உதிர்ந்தது.

அது சும்மாவே நிறைய யோசிக்கிற பாத்தி. தன்மேல் என்ன குறை என்று யோசிக்கும். விதைக்கிறபோது ஒழுங்காக வாங்கிக்கொள்ளவில்லையோ? முதல் மழையை அவசரப்பட்டு ஓடவிட்டோமோ? வரிசையில் முதலாவதாகப் பிறந்திருந்தால் இந்தப் பலகை வேறு யாருக்காவது போயிருக்குமோ? பக்கத்துப் பாத்தியிடம் கேட்டால் அது நல்ல மனதோடுதான் பதில் சொல்லும். ஆனால் நல்ல மனதோடு சொல்வதுதான் அதிகம் வலிக்கும். "கவலைப்படாதீங்கண்ணே, உங்களுக்கு வெயிலு நல்லா விழுது பாருங்க" என்று ஒருநாள் சொன்னது. கடைசிப் பாத்தி அன்று முழுவதும் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தது.

பண்ணைக்குச் செய்தி கொண்டுவருவது கைத்தெளிப்பான். வேலை இல்லாத நேரத்தில் அது அலுவலக வராந்தாவில், அறிவிப்புப் பலகைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும். போகிறவர் வருகிறவர் பேச்செல்லாம் அதன் காதில் விழும். பண்ணைத் தொழிலாளி அய்யம்பெருமாள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கு வந்ததும், வயிற்றில் இருப்பதை இறைப்பதற்கு முன் வாயில் இருப்பதை இறைத்துவிடும்.

அப்படித்தான் ஒரு காலையில் வந்து, ஜீப் ஓட்டுநர் பணி ஓய்வு பெறுகிறார், அவருக்குப் போர்த்துகிற சால்வை பச்சையா சிவப்பா என்று அலுவலகம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்றது. கோழி நோய் படித்த புது விஞ்ஞானி ஒருவர் சேர்ந்திருக்கிறாராம். கோழிக்கூடு இன்னும் கட்டி முடியாததால் அவரைத் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்களாம். ஏற்கெனவே கன்னம் வீங்கியிருக்கிறதாம். அடுத்து காளான் பயிற்சி. அதற்கடுத்து மண் பரிசோதனை முகாம். அதற்கும் அடுத்து, இதே பண்ணையில், வயல் விழா.

"வயல் விழான்னா?" என்று கேட்டது கடைசிப் பாத்தி.

சுற்று வட்டாரத்து விவசாயிகள் எல்லாரும் வருவார்கள், பந்தல் போட்டு மைக் கட்டுவார்கள், பிறகு வரப்பில் வரிசையாக நடந்து ஒவ்வொரு பாத்தியாகப் பார்ப்பார்கள் என்று தெளிப்பான் விளக்கியது.

"என்னையுமா?"

"ஒன்ன மட்டும் சேலை போட்டு மூடியா வைப்பாக அண்ணாச்சி?"

பக்கத்துப் பாத்தி சிரித்துவிட்டுச் சட்டென்று அடக்கிக்கொண்டது. தெளிப்பானும் கொஞ்சம் அடங்கிய குரலில் கடைசிச் செய்தியைச் சொன்னது. எஸ்தர் மேடத்துக்கு இடமாறுதல் வந்துவிட்டது.

எஸ்தர்தான் இந்தப் பாத்திகளின் விஞ்ஞானி. தினமும் காலையில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு வரப்பில் வருவார். ஒவ்வொரு பாத்தியிலும் குனிந்து செடிகளைப் பார்ப்பார். கடைசிப் பாத்தியின் அருகே வரும்போது மட்டும் அவர் நடை கொஞ்சம் மெதுவாகும். ஆனால் நிற்கமாட்டார். அதற்கும் பாத்தி ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. தன்னைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை.

தெளிப்பான் சொன்ன கதை வேறாக இருந்தது. உடனே புதிய ஊருக்குப் போகச் சொல்லித்தான் உத்தரவாம். வயல் விழாவும் அறுவடையும் முடிகிற வரை இருக்க விடுங்கள் என்று எஸ்தர் மையத் தலைவர் முன் நின்று கேட்டு அனுமதி வாங்கினாராம். போன வருடமும் இதே சோதனையை வைத்தார். விழாவுக்கு முந்தின வாரம் வேலி தாண்டி வந்த ஆடுகள் எதுவும் இடாத பாத்தியை மேய்ந்துவிட்டன. வந்த விவசாயிகள், ஆடு கடித்த வயலைக் காட்டி எங்களை ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள். கரைசலை ஒருவரும் தங்கள் உளுந்துக் காட்டில் தெளிக்கவில்லை. பூ உதிர்வது உதிர்ந்தபடியே இருந்தது. எஸ்தர் அதற்குப் பிறகுதான் தானே கூட நின்று இந்தக் கம்பி வேலியைப் போட வைத்தார்.

"இந்தத் தடவையும் கெட்டுப்போச்சுன்னா, அந்த அம்மா வெறுங்கையோடதான் ஊரு போகணும்" என்றது தெளிப்பான்.

இரண்டாம் தெளிப்புக்கான நாள் வந்தது. முந்தின நாளே ஊறப்போட்ட உரத்தைத் துணியில் வடிகட்டி, வெயில் தாழ்ந்த பிறகு அய்யம்பெருமாள் தெளிக்க வந்தான். எஸ்தர் அன்று பக்கத்துக் கிராமத்துக்கு விழா அழைப்புச் சொல்லப் போயிருந்தார். பக்கத்துப் பாத்தி குளிர நனைந்தது. முடித்துவிட்டு அய்யம்பெருமாள் தோளை அசைத்துப் பார்த்தான். அடியில் கொஞ்சம் கரைசல் சளப்பென்றது.

நல்ல உரக் கரைசலைக் கீழே கொட்ட அவனுக்கு மனம் வரவில்லை. விவசாயி வீட்டில் பிறந்தவன் யாருக்கும் வராது. சுற்றிப் பார்த்தான். கண் கடைசிப் பாத்தியில் போய் நின்றது. வெளிறிய இலைகள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய். உச்சியில் இன்னும் சில பூக்கள், விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தன.

"பாவம், இதுவும் ஒரு உசுருதானே" என்று சொல்லிக்கொண்டே அவன் வேலிப்பக்கம் நடந்தான். விழாவுக்கு நாலு பேர் வருகிற நேரத்தில் இது இப்படிக் கிடந்தால் மேடத்துக்குத்தானே கெட்ட பேர் என்றும் அவனுக்குத் தோன்றியது. அவன் மனதில் கள்ளம் எதுவும் இல்லை.

தெளிப்பான் அவன் தோளிலிருந்து கிசுகிசுத்தது. "அண்ணாச்சி, ஒனக்கு நல்ல நேரம். இப்பக் குடிச்சாலும் அந்தப் பூவெல்லாம் உதிராம நின்னுரும். சீக்கிரம் சொல்லு, அடிக்கட்டா?"

கடைசிப் பாத்தியின் வேரெல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்தது போல இருந்தது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். கேட்டு வாங்கவில்லை, தானாக வருகிறது. யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் போன வருடத்து ஆடுகள் அதன் நினைவில் வந்தன.

"நான் பச்சையாயிட்டா, பக்கத்துல உள்ளது பச்சையா இருக்கிறதுக்கு என்ன காரணம்னு எப்படித் தெரியும்?" என்று அது மெல்லக் கேட்டது.

 எப்போதும் இறைத்துக்கொண்டே இருந்ததால் இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெளிப்பானுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"எனக்கு வேண்டாம்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னொரு தடவ வராது."

"வேண்டாம்னு சொல்லிட்டேன்ல. நான் மறுபடி கேக்கறதுக்குள்ள ஒன் வாய மூடு."

அய்யம்பெருமாள் பிடியை அழுத்தினான். தெளிப்பான் அடியில் கிடந்த கசடை எல்லாம் தொண்டைக்கு ஏற்றி, தெளிக்கும் முனையான நாசிலை அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டும் வரவில்லை. அவன் நாசிலைக் கழற்றி, கருவேல முள்ளால் குத்தி, வாயால் ஊதி, மறுபடி மாட்டினான். மறுபடியும் அடைத்துக்கொண்டது. "ஒனக்குக் குடுத்து வைக்கல போ" என்று பாத்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மிச்சத்தை வாசலோரத்து வேம்புக்கு ஊற்றிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் உச்சிப் பூக்கள் உதிர்ந்தன. பாத்தி அவற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. வேண்டாம் என்றது நல்ல மனதால்தானா, அல்லது இத்தனை நாள் கொடுக்காதவர்கள் மிச்சத்தைக் கொடுக்க வந்தார்களே என்ற வீம்பாலா என்று தன்னையே கேட்டது. இரண்டும் கலந்துதான் இருந்தது என்று அதற்குப் பட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு என்பது தெரியவில்லை.

வயல் விழா வந்தது. பந்தலில் தலைவர் பேசினார், அவருக்குப் பிறகு பேசியவர்கள் தலைவர் பேசியதைப் பேசினார்கள். தேனீ கொட்டிய விஞ்ஞானி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். காராசேவும் டீயும் ஆனதும் கூட்டம் வரப்பில் இறங்கியது.

பக்கத்துப் பாத்தியின் முன்னால் எல்லாரும் நின்றார்கள். கொத்துக் கொத்தாகக் காய். ஆண்கள் செடியைத் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். எஸ்தர் கரைசலைப் பற்றிச் சொன்னார். அப்போது முன்வரிசையில் இருந்த சீனியம்மாள் என்ற விவசாயி குறுக்கே பேசினாள். புருஷன் இறந்த பிறகு மானாவாரி நிலத்தைத் தனியாகப் பார்த்து வருகிறவள்.

"ஆபீசுக் காட்டுல என்னதான் காய்க்காது? ஆள் இருக்கு, அம்பாரமா உரம் இருக்கு. எங்க புஞ்சைக்கு வந்து காச்சுக் காட்டச் சொல்லுங்கம்மா ஒங்க உளுந்த."

கூட்டம் சிரித்தது. எஸ்தரின் முகம் வாடியது. போன வருடமும் சிரிப்பில்தான் தொடங்கியது. நாலைந்து பேர் பந்தலுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். வேலியோரமாகக் குறுக்கு வழியில் போன ஒருவர் கடைசிப் பாத்தியைக் காட்டி, "இது என்ன, சம்பளம் இல்லாம வேலை பாக்குற பாத்தியா?" என்றார். மறுபடி சிரிப்பு.

பாத்தி கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தது. மண்ணுக்கு அது முடிகிற காரியமில்லை.

அவர்களுக்குப் பின்னால் வந்த சீனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நின்றாள். குனிந்தாள். பிறகு வரப்பில் உட்கார்ந்தேவிட்டாள். வெளிறிய இலையைப் புரட்டினாள். உதிர்ந்து காய்ந்த பூக்களை உள்ளங்கையில் அள்ளினாள்.

"ஏம்மா, இங்க வாங்க" என்று எஸ்தரை அழைத்தாள். "இது அச்சு அசலா எங்க காடு மாதிரில்ல இருக்கு? இப்பிடித்தான் பூக்கும். இப்பிடித்தான் கொட்டும். இது வேற மண்ணா?"

"அதே மண்ணுதான்மா. விதையும் அதே விதை."

"தண்ணி?"

"ரெண்டுக்குமே மழைதான். ஆளும் ஒரே ஆளுதான். இதுக்கு அந்தக் கரைசல் மட்டும் தெளிக்கல."

"மிச்சம் மீதிகூடவா ஊத்தல?"

எஸ்தர் அய்யம்பெருமாளைப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான். "ஊத்தத்தான் போனேன் மேடம், நாசில் அடைச்சிக்கிடுச்சு" என்று உண்மையைச் சொன்னான். எஸ்தர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

சீனியம்மாள் எழுந்து போய்ப் பக்கத்துப் பாத்தியிலிருந்து ஒரு கை மண்ணும், கடைசிப் பாத்தியிலிருந்து ஒரு கை மண்ணும் எடுத்து, இரண்டையும் கட்டை விரலால் நுணுக்கிப் பார்த்தாள். ஒரு செடி அங்கேயும் ஒரு செடி இங்கேயும் பிடுங்கிச் சேர்த்துப் பிடித்தாள். பந்தலுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நல்ல பாத்தியில் நின்றபோது யாரும் கேட்காத கேள்வியெல்லாம் இப்போது கடைசிப் பாத்தியின் வரப்பில் நின்று கேட்டார்கள். எப்படி ஊறப்போடுவது, எந்த நேரம் தெளிப்பது, மழை வந்துவிட்டால் என்ன செய்வது. எஸ்தருக்குப் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

அவர்கள் கலைந்து போனார்கள். பிறகு, "அண்ணே, நான் எவ்வளவு காச்சாலும் நம்ப மாட்டாங்க போல. நீங்க பக்கத்துல இருந்ததாலதான் நம்புனாங்க" என்றது பக்கத்துப் பாத்தி. அதன் குரலில் இரக்கம் இல்லை. கடைசிப் பாத்திக்கு அதுவே போதுமாயிருந்தது.

அறுவடை முடிந்தது. எஸ்தருக்கு நடந்த பிரிவு உபசாரக் கூட்டத்தில் சால்வை போர்த்தி முடிந்ததும் அவர் நேராகப் பண்ணைக்கு வந்தார். அன்றுதான் யாரும் அழைக்காமல் கடைசிப் பாத்தியின் அருகே வந்து நின்றார். நிற்காமல் போன நாட்களுக்கும் சேர்த்து நின்றார். தகரப் பலகையை இரண்டு கையாலும் அசைத்துப் பிடுங்கினார். அய்யம்பெருமாளிடம் குப்பைக் குழியிலிருந்து ஒரு கூடை நிறைய மக்கிய எருவை எடுத்துவரச் சொல்லி, தானே வாங்கி, குனிந்து, நாலு மூலைக்கும் படும்படி தூவினார்.

"இனிமே ஒண்ணும் கெட்டுப் போகாது. சாப்பிடு" என்றார்.

பாத்தி அதைச் சாப்பிடவே அன்று வெகு நேரம் எடுத்துக்கொண்டது.

அடுத்த பருவத்தில் தெளிப்பானைக் கிராமத்துக்கு இரவல் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் அது வழக்கம்போல் செய்திகளைக் கொட்டியது. கோழிக்கூடு கட்டி முடிந்துவிட்டது. ஆனால் புது விஞ்ஞானி தேனீயை விட்டு வர மாட்டேன் என்கிறார். சீனியம்மாளின் காடு முழுக்கத் தெளித்தார்கள். பூ உதிராமல் நின்றுவிட்டது. பாதையோரத்து மூலையில் ஒரு துண்டு நிலத்தை மட்டும் தெளிக்காமல் விடச் சொல்லிவிட்டாள்.

"அத எதுக்கு விட்டா?" என்று கேட்டது பாத்தி.

"யாரு பாக்க வந்தாலும், மொதல்ல அந்த மூலைக்குத்தான் கூட்டிட்டுப் போறா அண்ணாச்சி."