குழிக்குள் கிடந்த கல்

ஆற்றங்கரை மடத்தில் குருவுக்கு வயது முப்பது. சீடர் கரியண்ணனுக்கு அறுபத்திரண்டு. தாடி நரைத்தவர் நேற்றுத் தாடி முளைத்தவரிடம் பாடம் கேட்கிறார் என்று ஊரில் கேலி. கரியண்ணன் சட்டை செய்யவில்லை.

அவர் பரிசல் ஓட்டியவர். ஒரே மகன் மாதையனை வெள்ளம் பாறையில் அடித்துக் கொன்றது. அடுத்த சித்திரையில் மனைவி பெருமாயி வருடந்தோறும் செய்வது போல மகனின் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு, தண்ணீர் புகாதபடி தார் பூசக் கிளம்பினாள். யாரும் ஏறப்போகாத பரிசல். தார் பூச இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சட்டியைச் சாய்க்க, ஒருவர் தேய்க்க. அந்த வாசனை தாங்காமல் கரியண்ணன் மடத்துக்கு ஓடிவந்துவிட்டார்.

மூன்று வருடம் போயிற்று.

"சாமி, கண்ணை மூடி உக்காந்தா அவன்தான் வர்றான். இந்தப் பாரம் எப்பத்தான் போகும்?"

குரு அவரைப் பள்ளத்தாக்குக்குள் அழைத்துப்போனார். கோடையில் ஆறு ஒரு ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. இருபுறமும் பனை உயரத்துக்கு அறுபட்ட பாறை. அடிப்பாறையில் உரல் போல ஒரு குழி.

"கையை விடுங்க, பெரியவரே."

தோள்வரை போனது. அடியில் ஓர் உருண்டைக் கல் அகப்பட்டது; வெளியே எடுத்தார்.

"குழியைத் தோண்டினது யாரு?"

"தண்ணிதானுங்க."

"வெறுந்தண்ணி வழுக்கிட்டுப் போயிரும். உள்ள மாட்டுன கல்லைச் சுத்தவிட்டுச்சு. கல்லுதான் குடைஞ்சுது."

"இத்துனூண்டு கல்லுங்களா?"

"மாட்டுனப்ப பெருசா இருந்திருக்கும். அதுவும் தேஞ்சுது."

கரியண்ணனின் முகம் மலர்ந்தது. "அப்ப என் துக்கமும் தேஞ்சிருமுங்க!"

"தேயும்."

"குழி?"

"அது இருக்கும்."

கரியண்ணன் கோபமாகக் கேட்டார்: "கல்லைத் தூக்கி எறிஞ்சிட்டா?"

"எறிங்க. கையிலதானே இருக்கு."

கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது.

"பொறந்தப்ப அவன் கை மூடுனா இத்துனூண்டுதானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். மடத்துக்கு வந்த பிறகு அவர் அழுதது அன்றுதான்.

அழுது ஓய்ந்ததும் கல்லைக் குழிக்குள்ளேயே இறக்கி வைத்தார்.

"இனி நான் என்ன செய்யட்டும், சாமி?"

"சித்திரை பொறந்தாச்சு, பெரியவரே. மூணு வருசமா உங்க வீட்டம்மா கொதிக்கிற தார்ச்சட்டியை ஒத்தை ஆளாச் சாய்ச்சுக்கிட்டு இருக்காங்க."