பூட்டுப் படம் போட்ட பக்கம்

பொதிகை மலை அடிவாரத்தில் ஒரு சின்ன சித்தர் மடம். அதன் தலைவி ஞானவல்லி அம்மாளுக்கு வயது நாற்பதுதான். அவரிடம் சீடராகச் சேர்ந்த சுடலையாண்டிக்கோ அறுபது தாண்டியாச்சு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அம்மாளைத் தாயி என்பார். அம்மாள் அவரை அண்ணாச்சி என்பார்.

மடத்துக் கம்ப்யூட்டர் அண்ணாச்சியின் பொறுப்பு. வைத்தியச் சுவடிகளின் படங்கள் அதில்தான் இருந்தன. சுவடிகளைச் செல் அரித்துவிட்டது. படம் போனால் மருந்தும் போச்சு. பழைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கெட்ட இணையதளம் வழியாகக் கிருமி புகுந்து பாதிப் படங்களைத் தின்றுவிட்டது. மிச்சத்தைத்தான் அம்மாள் இவரை நம்பி ஒப்படைத்திருந்தார்.

அண்ணாச்சி அவரை இவரைக் கேட்டு ஒரு சங்கதி தெரிந்துகொண்டார். இணையதளத்தைத் திறந்தால் எழுத்தும் படமும் மட்டும் வருவதில்லை. கூடவே ஸ்கிரிப்ட் என்று சில வேலையாட்களும் வந்து இறங்குகிறார்கள். படத்தைப் பெரிசாக்கிக் காட்டுவதும் அவர்கள்தான், நாம் தட்டுகிற எழுத்தை எட்டிப் பார்ப்பதும் அவர்கள்தான். பிரவுசரில் சொல்லிவைத்தால் அது அவர்களை நிறுத்திவிடும்.

சொல்லிவைத்தார். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதா, எல்லா ஸ்கிரிப்ட்டும் ஓடலாம். பூட்டு இல்லையா, ஒன்றும் ஓடக் கூடாது.

"டிக்கெட் எடுத்தவன் ஏறட்டும், எடுக்காதவன் இறங்கட்டும். அம்புட்டுதான் தாயி!"

அம்மாள் சிரித்தார்.

மறுநாள் ஏதோ மூலிகையைத் தேடி ஒரு தளத்தைத் திறந்தார் அண்ணாச்சி. திரை முழுக்கச் சிவந்தது. 'கம்ப்யூட்டரில் கிருமி! இங்கே தொடு!' என்று அலறியது. மூடப் பார்த்தால் மூடவில்லை. பதறிப்போய் வயரையே பிடுங்கிவிட்டார். மறுபடி போட்டுப் பார்த்து, படங்கள் இருப்பதைக் கண்ட பின்னாலேதான் மூச்சு வந்தது. நேரே அம்மாளிடம் போனார்.

அம்மாள் கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

"படமெல்லாம்?"

"அப்படியே இருக்கு தாயி. ஆனா அதுல பூட்டு இருந்துச்சே! என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பூட்டு இருந்துமா இப்படி?"

"அண்ணாச்சி, உங்க பஸ்ஸில பிக்பாக்கெட் அடிச்சவன் டிக்கெட் எடுக்காமலா வந்தான்?"

"நல்லாக் கேட்டீங்க! அவன்தான் மொத ஆளா எடுப்பான். சில்லறைகூடச் சரியா வச்சிருப்பான்."

சொல்லும்போதே அண்ணாச்சிக்கு உறைத்தது.

"அப்போ பூட்டுக்கு என்னதான் அர்த்தம்?"

"வழியில வேற யாரும் கை வைக்கலைன்னு அர்த்தம். அனுப்பினவன் நல்லவன்னு அது எங்க சொல்லுச்சு?"

அண்ணாச்சிக்கு அடுத்த கேள்வி தயாராக இருந்தது. "பூட்டே இல்லாத நல்லவங்க இருக்காங்களே? தென்காசி வைத்தியர் தளம், பாவம், பழசு."

"வைத்தியர் நல்லவர். வழி?"

"நடுவழியில எவன் வேணும்னாலும் தொத்திக்கிடலாம். அவர் எழுதினதைப் படிச்சிக்கிடுதேன். ஸ்கிரிப்ட்டை விட மாட்டேன்."

அம்மாள் அடுத்த கடுக்காயை எடுத்தார். அண்ணாச்சி கம்ப்யூட்டருக்குப் போனார்.

சாயங்காலம் முகமெல்லாம் பிரகாசமாக வந்தார்.

"எல்லாத் தளத்துக்கும் நிறுத்திட்டேன் தாயி. பூட்டும் இருந்து, தெரிஞ்ச இடமாவும் இருந்து, அந்த ஸ்கிரிப்ட் இல்லாம காரியம் நடக்காதுன்னா மட்டும் ஒண்ணொண்ணா விடுதேன். ஒரே ஒரு தளத்துக்குத்தான் முழுசாத் திறந்துவிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"நம்ம மடத்துத் தளத்துக்கு. அது நீங்க நடத்துறதில்லா? உங்களையே நம்பலைன்னா நான் எதுக்கு இங்க சீடன்னு உக்காந்திருக்கேன்?"

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதுல நீங்க என்ன பார்ப்பீங்க?"

"பூசை நேரம்."

"அதுக்கு எத்தனை ஸ்கிரிப்ட் வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். வெறும் எழுத்துதானே."

"அப்போ மொதல்ல என்னை நிறுத்துங்க, அண்ணாச்சி."