விலங்கு கேட்டு வாங்குன சபைக்காரி

ரொம்ப காலத்துக்கு முந்தி நாணலாத்துச் சீமைய அதிரதன்னு ஒரு ராசா ஆண்டுக்கிட்டிருந்தான். நல்லவன்தான். காலையில ஒண்ணு சொல்லுவான், சாயங்காலம் வேற சொல்லுவான். நடுவுல தூங்குனான்னா சனங்களுக்கு நிம்மதி.

அந்தச் சீமையில ஏழு நாடு. நாட்டுக்கு ஒருத்தர்னு சனங்களே கை தூக்கித் தேர்ந்தெடுத்து சபைக்கு அனுப்புவாங்க. ராசா எந்த ஆணை போட்டாலும் ஏழு பேரும் செங்கோல்ல கை வைக்கணும். ஒரு கை குறைஞ்சாலும் அது ஆணை இல்ல, வெறும் பேச்சு.

கீழமடை நாட்டுலேருந்து வந்தவ சடைச்சி. வாய்க்கா வெட்டுறவ. சபையில உக்காந்திருக்கும்போதும் கால்ல சேறு காஞ்சிருக்கும். ராசாவுக்கு வலது பக்கத்துல நிக்கிற மந்திரி சேனைராயருக்கு அந்தச் சேத்தக் கண்டாலே ஆகாது. அவள எப்படா வெளிய தள்ளலாம்னு பாத்துக்கிட்டிருந்தார்.

ராசாவுக்குத் திடீர்னு அன்னம் வளக்க ஆசை வந்துச்சு. ராயர் கீழமடை வாய்க்காலோட மடைய அடைச்சு, தண்ணிய அரமனைக் குளத்துக்குத் திருப்பிட்டார். ஆணைன்னு போட்டா சடைச்சி கை வைக்கமாட்டா. அதனால ஆணையே போடல. "சும்மா கொஞ்ச நாளைக்குத்தான்"னார்.

நெல்லுல கருது வர்ற நேரம். வயல் வெடிச்சுக் கெடக்கு. சடைச்சி சபையில கேட்டா. ராயர் வெத்தல போட்டுக்கிட்டிருந்தார். மறுபடி கேட்டா. ராசா தூங்கிட்டான். இன்னொரு தடவ கேட்டா. "ஆகட்டும், பாக்கலாம்"னாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு சபையில இருக்கவளுக்குத் தெரியாதா?

கீழமடையே மம்பட்டியோட போயி மடையில உக்காந்துருச்சு. சடைச்சியும் உக்காந்தா. சேவகங்க வந்து எல்லாரையும் புடிச்சு விலங்கு போட்டாங்க. அவகிட்ட வந்ததும் சேவகன் கை நின்னுருச்சு.

"நீங்க சபைக்காரங்க தாயி. நீங்க போகலாம்."

"எங்க போறது?"

"அரமனைக்குத்தான்."

"என்னைய அங்க அனுப்புனவங்க எல்லாம் இங்க விலங்கோட நிக்கிறாங்க. நான் அங்க போயி யாருக்காகப்பா பேசறது? எனக்கும் போடு."

அவன் பயந்துபோயி ராயருக்கு ஆள் விட்டான். ராயர் பல்லக்குல வந்து எறங்குனார். சேறு படாம வேட்டியத் தூக்கிப் புடிச்சிக்கிட்டார்.

"ஏம்மா, சபையில உக்காந்து சட்டம் சொல்றவ தெருவுல உக்காந்து சட்டத்த மீறலாமா? சபைக்கு என்ன மரியாத?"

"மீறுனேன். அதான் காலை நீட்டுறேன், ஓடலையே. ஆணையே இல்லாம மடைய அடைச்சவரு பல்லக்குல வர்றாரு."

"பேசணும்னா சபையில பேசு!"

"பேசுனேன் ராயரே. உங்க வாயில வெத்தல இருந்துச்சு, காதுலயும் வச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

கூட்டம் சிரிச்சுது. ராயர் மூஞ்சி செவந்துருச்சு. சடைச்சிக்கு ஒரே ஒரு பயம்தான். இந்த ஆளுக்குச் சபைக்காரங்க விலங்கப் பத்துன பழைய வழக்கம் ஞாபகம் வந்து 'வீட்டுக்குப் போ'ன்னு சொல்லிட்டா எல்லாம் பாழ்.

"போடுடா விலங்க! தடிச்சதாப் பாத்துப் போடு!"னார் ராயர்.

அப்பாடான்னு காலை நீட்டுனா.

மறுநாள் காலையில ராசா மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் தட்டோட வந்து காத்திருக்காங்க. சம்மந்த ஆணைக்குச் செங்கோல எடுத்தா, ஆறு கைதான் இருக்கு.

"ஏழாவது கை எங்கய்யா?"

"சிறையில மகராசா."

"கூட்டியாங்க!"

வாசக்காவக்காரன் கும்புட்டான். "விலங்குக் கால் அரமனைப் படி மிதிக்கக்கூடாதுங்க மகராசா."

"அப்ப வெட்டி எடுங்க!"

"சபைக்காரங்க கால் விலங்க ஏழு பேரும் கூடிச் சொல்லாம வெட்டக்கூடாதுங்க. உங்க தாத்தா வச்ச வழக்கம். ராசாவே நெனச்சாலும் இஷ்டத்துக்குப் பூட்டி இஷ்டத்துக்கு அவுத்து வெளையாடக்கூடாதுன்னு வச்சாரு."

ராசா ராயரத் திரும்பிப் பாத்தான். ராயர் கூரை நல்லா இருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தார்.

வேற வழி? சபையே சிறைக்குக் கெளம்புச்சு. சிம்மாசனம் சிறை வாசல்ல நுழையல. கஞ்சி அண்டாவக் கவுத்துப்போட்டு ராசாவ அதுல உக்கார வச்சாங்க. சுத்தி கீழமடை சனம்.

"சடைச்சி, விலங்க வெட்டச் சொல்றேன். செங்கோல்ல கை வையி."

"வைக்கிறேன் மகராசா. மொதல்ல மடை, அப்புறம் கல்யாணம். இவங்க எல்லாரோட விலங்கும் போன பின்னாடி என்னோடது."

"தலைய எடுத்துருவேன்!"

"எடுங்க. அப்புறம் கீழமடைக்குப் புது ஆளு தேர்ந்தெடுக்கணும். கை தூக்கவேண்டியவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. இப்பவே கேட்டுப் பாருங்களேன், எப்பேர்ப்பட்ட ஆளா அனுப்புவாங்கன்னு."

சனங்க விலங்கச் சலசலன்னு ஆட்டுனாங்க. ராசாவுக்கு வேர்த்துருச்சு. தண்ணி கேட்டான். சிறைக்காவலன் ஒரு கிண்ணத்துல சேறா கொண்டாந்து வச்சான். "கெணத்துல இவ்வளவுதாங்க. வாய்க்கா நின்னதுலேருந்து ஊறலீங்க."

ராசா கிண்ணத்தையே பாத்தான். அப்புறம் என்ன நெனச்சானோ, சத்தமாச் சிரிச்சான். அவன் குணம் அப்படி.

"மடையத் தெறக்கணும். என்ன சொல்றீங்க?"ன்னு செங்கோல நீட்டுனான். ஏழு கையும் விழுந்துச்சு. "ராயரே, நீங்க அடைச்சத நீங்களே வெட்டி விடுங்க. மம்பட்டி குடுங்கப்பா. வேட்டியத் தூக்கிப் புடிக்கக்கூடாது."

ஏழு பேரும் கூடிச் சொன்னதும் கொல்லன் ஒவ்வொரு கால் விலங்கா வெட்டுனான். சடைச்சி கால் கடைசி. அவ கை வச்சதும் கல்யாணமும் முடிவாச்சு. ராசா கழுத்து முத்துமாலையக் கழட்டி நீட்டுனான்.

"உன் புத்திக்கு இது. இனிமே சபைக்காரியா லட்சணமா நடந்துக்குவேன், சிறைக்கு வரமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்கிக்க."

சடைச்சி புண்ணான கணுக்காலத் தேச்சுவிட்டுக்கிட்டே எந்திரிச்சா.

"மாலைய மகளுக்குப் போடுங்க மகராசா, நிச்சயத்துக்கு நல்லாருக்கும். அந்த வார்த்தைய மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. திரும்ப மடைய அடைச்சா திரும்ப வருவேன். உங்களுக்குத்தான் இந்த அண்டா ஒத்துக்கல போலருக்கு."

சொல்லிட்டு, சனங்களோட வாய்க்காக் கரையப் பாத்து நொண்டிக்கிட்டே நடந்தா.